துண்டு போட்ட இடம்

அன்று காலை நான் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு ஊதிக்கொண்டிருக்கும்போதே எதிர்ச் சுவரிலிருந்து பசை வாடை வந்துவிட்டது. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. தூறலில் போஸ்டர் ஒட்டுகிறவன் ஒன்று அவசரக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்சிக்காரனாக இருக்க வேண்டும். ஒட்டி முடித்து, கையில் வழிந்த பசையைத் தன் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டு போனான். அந்தக் கால்சட்டையும் இரண்டு நாளில் என்னிடம்தான் வரும்.

போஸ்டரில் ஒரு பெண்ணின் முகம், பல் தெரியச் சிரித்தபடி. சிரிக்கலாம்தான், அவள் பல் டாக்டர். மேலே சின்னச் சின்ன வட்டங்களுக்குள் பழைய தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் இப்படிப் போட்டிருந்தது: ‘கட்சியின் முதல் பெண் தலைவரே, வருக.’

நான் படித்தேன். சரியாகப் படித்தேனா என்று மறுபடியும் படித்தேன். அப்புறம் அந்தச் சுவருக்குச் சொந்தமான கடையைப் பார்த்தேன்.

அது குஷன் கடை. அதை நடத்துகிறவரைக் குஷன்காரர் என்றுதான் தெருவில் சொல்வார்கள். எப்போதும் வாயில் நாலைந்து சின்ன ஆணிகளைக் கவ்விக்கொண்டு வேலை பார்ப்பார். ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி, விரலில் வாங்கி அடிப்பார். அதனால் பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவர் மனைவி. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்கு அவள் கண்டக்டரம்மா, எனக்கு அக்கா. தெருக்கோடியில் இருக்கிற மூன்று மாடிக் கட்டிடம் கட்சியின் தலைமை அலுவலகம். தேசம் முழுக்கக் கிளை வைத்திருக்கிற கட்சி. அந்தக் கட்சிக்கு, நடுவில் மூன்று வருஷம் போல, எங்கள் அக்காதான் தலைவராக இருந்தாள்.

இதைச் சொன்னால் இப்போது பாதிப் பேர் சிரிக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

எனக்குக் கட்சி கிடையாது. எந்தக் கட்சிச் சட்டையும் என் மேசையில் ஒரே மாதிரிதான் மல்லாக்கப் படுக்கும். ஆனால் அந்தக் கட்டிடத்துக்கு வந்து போன தலைவர்கள் அத்தனை பேருடைய கழுத்துப்பட்டையும் என் கைக்கு வந்திருக்கிறது. ஒரு மனிதனைத் தெரிந்துகொள்ள அது போதும். கட்சியை ஆரம்பித்தவர் கண்ணாடிக்காரர். இரண்டே சட்டைதான், அதுவும் மையால் கறைபட்டது. அவருக்கு அப்புறம் இருமல்காரர், சாந்தமான மனுஷர். அவருக்கு அப்புறம் வந்தவருக்கு ஒரு நாளைக்கு மூன்று சட்டை. அப்போதே எனக்குச் சந்தேகம். ஒரு நாள் காலையில் பாதிக் கட்சியைக் கூட்டிக்கொண்டு ஆளும் கட்சிக்கு ஓடிவிட்டார். ஓடும்போது வண்டியை, தட்டச்சு யந்திரங்களை, கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிகளைக்கூட விடவில்லை. தலைவருடைய நாற்காலியில் இருந்த குஷனையும் அறுத்துக்கொண்டு போனார். மரச்சட்டம் கனமாக இருந்ததால் அது தப்பித்தது.

மிச்சமிருந்த பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போயிற்று. பஸ் தொழிலாளர்களின் சங்கத்திலிருந்து வந்த அக்கா மட்டும் நல்ல உடம்போடு இருந்தாள். மூழ்குகிற கப்பலுக்கு யார் தலைவராக இருந்தால் என்ன என்று அவளைத் தேர்ந்தெடுத்துக் கை தட்டினார்கள். அவள் கப்பலை முக்கி முனகிக் கரை சேர்த்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

ரொட்டி வாங்கிக்கொண்டு அக்கா வந்தாள். குடை பிடிக்காமல், போஸ்டர் முன்னால் நின்று கடைசி எழுத்து வரை படித்தாள்.

“எழுத்து நல்லாப் பெருசாப் போட்டிருக்கான். கண்ணாடி இல்லாமலே தெரியுது.”

“அக்கா, மேல வட்டத்தைப் பாத்தீங்களா?”

“பாத்தேன். ஓடிப்போனவருகூட ஒரு வட்டத்துல உக்காந்திருக்காரு. ஃபேனைக் கழட்டிட்டுப் போனப்பவும் இதே சிரிப்புதான்.”

ஓடிப்போனவரின் ஆட்கள் பின்னால் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்கள். அதனால் அவருக்கு, செத்த பிறகு, ஒரு வட்டம் கிடைத்துவிட்டது. அக்காவுக்கு வட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை. அவள் ரொட்டி நனையாமல் அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடைக்குள் அந்த நாற்காலி தலைகீழாகக் கிடந்தது. கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தலைவர் வந்தால் நாற்காலி குஷன் கடைக்கு வரும். பழைய மெத்தையைப் பிரித்து, சட்டத்தில் புதியவரை உட்காரவைத்து அளவெடுத்து, அவர் உடம்புக்குத் தக்கபடி கட்டுவார் குஷன்காரர். மாநாட்டு நாளில் பழைய தலைவர் இடது கைப்பிடியையும் புதுத் தலைவர் வலது கைப்பிடியையும் பிடித்து, கடையிலிருந்து மண்டபம் வரை தெருவில் தூக்கிக்கொண்டு போவார்கள். கண்ணாடிக்காரர் இருமல்காரருக்குக் கொடுத்தபோது சுமைகாரர்கள் வராததால் இரண்டு பேரும் தாங்களே தூக்கிக்கொண்டு போனார்கள். அதைப் படம் பிடித்தார்கள். அப்புறம் மரபாகிவிட்டது. உலகத்தில் பாதி மரபு இப்படி யாரோ வேலைக்கு வராததால் உண்டானதுதான்.

அக்கா தலைவரானபோது பழைய தலைவர் ஓடிப்போயிருந்தார், பிடிக்க ஆள் இல்லை. அக்கா தனியாக நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டே போனாள். கரகரவென்று அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அளவெடுக்க நேரமில்லை, மெத்தை கட்டத் துணியும் இல்லை. டிப்போவில் கழித்துப்போட்ட பஸ் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து, சட்டத்தின் மேல் வைத்து அடித்துக் கொடுத்தார் குஷன்காரர். ரெக்ஸின் கிழிந்து ஸ்பிரிங் குத்தும். அதில் உட்கார்ந்துதான் அவள் கட்சி நடத்தினாள். மழைக்காலத்தில் அலுவலகக் கூரை ஒழுகியபோது நாற்காலியைக் குஷன் கடைக்கே கொண்டுவந்து, பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் போட்டு, அங்கேயே செயற்குழுக் கூட்டம். பெரிய மனிதர்கள் பஞ்சு அப்பிய கோட்டோடு வெளியே வருவார்கள், நான் தட்டி எடுத்துக் கொடுப்பேன்.

தேர்தலில் கட்சி தலை தூக்கியதும் எல்லோருக்கும் உடம்பு சரியாகிவிட்டது. வக்கீல் ஒருவர் தலைவராக வந்தார். அக்கா இடது கைப்பிடியைப் பிடித்தாள், வக்கீல் வலது கைப்பிடியைப் பிடித்தார், நாற்காலி மண்டபத்துக்குப் போயிற்று. இந்தக் கண்ணாலே பார்த்தேன். அந்த வக்கீல் முடி நரைத்து, பல் விழுந்து, போன மழைக்குச் சாகும் வரை நாற்காலியை விடவில்லை. இப்போது பழைய தலைவர்களில் உயிரோடு இருக்கிறவள் அக்கா ஒருத்திதான்.

மதியம் கரியைத் தணித்துவிட்டு, பட்டாணி உரிக்கிற சாக்கில் குஷன் கடையில் போய் உட்கார்ந்தேன். அக்கா ஒரு முறம் நிறையக் கொட்டி வைத்திருந்தாள். அவர்கள் மகன் குடையை மடக்காமலே உள்ளே வந்தான். கட்சி அலுவலகத்தின் பொறுப்பு அவனிடம். சாவிக்கொத்து இடுப்பில் தொங்கும்.

“அம்மா, போஸ்டர் பாத்தியா?”

“ஒட்டினது என் சுவத்துல. கண்ணை மூடிக்கிட்டா போவேன்?”

“உனக்குச் சங்கடமா இருக்கும்னு தெரியும்.”

“தெரிஞ்சே ஒட்டினீங்களா, ஒட்டினப்புறம் தெரிஞ்சுதா?”

அவன் குடையை மடக்கினான். தண்ணீர் தரையில் ஓடி, மெத்தைக்கு வைத்திருந்த நாரில் ஏறியது. குஷன்காரர் நாரைக் காலால் தள்ளிவைத்தார்.

“வாசகம் எழுதினது வக்கீல் மகன்.”

“எழுதினவன் யாருன்னு நான் கேக்கலையே. அச்சுக்குப் போறதெல்லாம் உன் மேசைக்கு வந்துட்டுத்தானே போகும்?”

“வந்துச்சு.”

“வந்து?”

“சரின்னு சொன்னேன்.”

அக்கா அடுத்த பட்டாணியை எடுத்து, நகத்தால் கீறி உரித்தாள். எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் போகவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான்.

“கோவிச்சுக்காதம்மா. ரெண்டு தேர்தல்ல தோத்துக் கிடக்கு கட்சி. ஜனங்ககிட்ட சொல்றதுக்குப் புதுசா ஒண்ணு வேண்டியிருக்கு. முதல் பெண் தலைவர்னா நின்னு படிப்பாங்க. ரெண்டாவது பெண் தலைவர்னு அடிச்சா எவன் நிப்பான்?”

“அப்போ நான் முன்னாடியே வந்து காரியத்தைக் கெடுத்துட்டேன்.”

“அப்படி யாரு சொன்னா? உன்னை மேடையில ஏத்தறோம். புதுத் தலைவருக்குப் பூங்கொத்து நீதான் குடுக்கறே. மூத்த தொண்டர்னு பேர் சொல்லி...”

“மூத்த?”

“தொண்டர்.”

“பூங்கொத்தை யாரு வாங்கிட்டு வரணும்? அதுவும் மூத்த தொண்டர் வேலையா?”

நான் சிரித்துவிட்டேன். அவன் என்னை முறைத்தான். சின்ன வயதில் என் மேசைக்கு அடியில் ஒளிந்து விளையாடினவன். அவன் முறைப்புக்கு நான் பயப்பட மாட்டேன்.

“நீயே சொன்னதுதானேம்மா,” என்றான். “வக்கீல் பதவி ஏத்துக்கிட்ட அன்னிக்கு மேடையில. துண்டு போட்டு இடம் பிடிச்சு வெச்சேன், உரியவர் வந்துட்டார்னு. அதைத்தான் எல்லாரும் எடுத்துக் காட்டறாங்க.”

அக்காவின் கை நின்றது. அது உண்மை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு இடம் எனக்கு என்று சண்டை போடுகிறவர்களை நாள் முழுக்கப் பார்த்தவள், அந்தப் பழக்கத்தில் ஒரு வேடிக்கை சொன்னாள். மண்டபமே சிரித்தது. வக்கீல் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார். மறுநாளிலிருந்து அவள் வகித்தது தலைவர் பதவி இல்லை, ‘இடைக்காலப் பொறுப்பு’ என்று ஆகிவிட்டது. அப்புறம் அந்தப் பொறுப்பும் தேய்ந்து, துண்டு மட்டும் மிஞ்சியது.

“ஆமா, சொன்னேன்,” என்றாள் அக்கா. “நாலு பேர் முன்னாடி அடக்கமாப் பேசணும்னு பழக்கிவிட்டாங்க, வாய்ல வந்துருச்சு. என் பேரை என் வாயாலேயே அழிச்சுக்கிட்டேன். இதே பேச்சை வக்கீல் பேசியிருந்தா பெருந்தன்மைன்னு எழுதியிருப்பாங்க. நான் பேசினதும் வாக்குமூலம்னு எழுதிக்கிட்டாங்க.”

“இத்தனை வருஷம் சும்மாதானேம்மா இருந்தே?”

“இத்தனை வருஷம் என்னைச் சொல்லாம விட்டாங்க. இப்போ நான் இல்லைன்னு சுவத்துல ஒட்டியிருக்காங்க. சொல்லாம விடறது மறதி. இது மறதி இல்லை.”

அப்போது குஷன்காரர் வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். அவர் ஆணியைத் துப்பினால் ஏதோ சொல்லப் போகிறார் என்று அர்த்தம். வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும்.

“டேய், ஒண்ணு கேக்கறேன். அந்த மூணு வருஷம் இந்த வீட்ல சமைச்சது யாரு?”

“நீங்கதான்.”

“உன்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது?”

“நீங்கதாம்ப்பா.”

“உங்கம்மா அப்போ எங்கடா போயிருந்தா? துண்டு போடவா?”

மகன் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். வேறு குரலில் பேசினான்.

“அப்பா, எனக்கு மட்டும் தெரியாதா? நேரா சொல்லிட்டான் வக்கீல் மகன். மாநாட்டு அன்னிக்கு எங்கப்பா ஸ்தானத்துல இடது கைப்பிடியை நான் பிடிக்கப் போறேன், உங்கம்மா நாற்காலிப் பக்கம் வராம நீ பாத்துக்கிட்டா உனக்குச் செயற்குழுவுல இடம், இல்லைன்னா சாவிக்கொத்தை வெச்சிட்டுக் கிளம்புன்னு. பொடிசா இருந்தப்போலேருந்து பசை வாளி தூக்கியிருக்கேம்மா. எனக்கு வேற வேலை தெரியாது.”

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். அவன் சொன்னது அவளைச் சுட்டது என்பது முகத்தில் தெரிந்தது. பிள்ளை வாளி தூக்கியதை அவளைவிட யாருக்குத் தெரியும்? கொதிக்கிற பசை காலில் கொட்டி அவன் அலறியபோது ஓடிப்போய் அள்ளினவள் அவள்தான்.

“தூக்கினே, எனக்குத் தெரியும்,” என்றாள். “உன் இடத்தை நான் கெடுக்க மாட்டேன். ஆனா என் இடத்தைக் குடுத்துத்தான் உன் இடத்தை வாங்கணும்னா அது இடம் இல்லடா, அது வேற. என்ன செய்யணும்னு நீ உன் மனசைக் கேட்டுக்கோ. நான் என் மனசைக் கேட்டுக்கிட்டேன். சாப்பிட்டியா?”

அவன் சாப்பிடாமல் போனான். குஷன்காரர் சுத்தியலை மேசைமேல் போட்டார். “இந்த நாற்காலியை நான் கட்டலை. எலும்பாவே போகட்டும். உக்காந்து பாக்கட்டும் அந்தம்மா.”

“வேலையைப் பாருங்க,” என்றாள் அக்கா. “அவ இடுப்பு என்ன பாவம் பண்ணிச்சு? நான் குத்துப்பட்டது போதாதா?”

மறுநாள் சாயங்காலம் பல் டாக்டர் அளவு கொடுக்க வந்தாள். நான் அப்போது குஷன் கடைக்குச் சலவைத் துணி கொடுக்கப் போயிருந்தேன், கொடுத்துவிட்டு நின்றேன். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, தண்ணீர் தேங்கிய இடங்களைத் தாண்டித் தாண்டி நடந்து வந்திருந்தாள். ஒரு நல்ல குணம் அது. வெறும் சட்டத்தில், நாடாக்களின் மேல் உட்கார்ந்தாள். குஷன்காரர் முட்டிக்குக் கீழே டேப்பை வைத்துத் தரைவரை இழுத்தார். அக்கா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“நீங்கதான் கண்டக்டரம்மாவா?”

“நான்தான். நேரா உக்காரு. சாய்ஞ்சா அளவு சாய்ஞ்சிடும், அப்புறம் கட்சியும் ஒரு பக்கமாப் போயிடும்.”

டாக்டர் சிரித்தாள். தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

“அந்தப் போஸ்டரை நான் சொல்லி அடிக்கலைங்க.”

“அடிச்சதுக்கு அப்புறம் வேண்டாம்னு சொன்னியா?”

“இல்லை.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பொய் சொல்ல விரும்பலை. உங்களைப் பத்தி அரைகுறையாத் தெரியும். இடைக்காலம்தானேன்னு சமாதானம் பண்ணிக்கிட்டேன். முதல் ஆளுன்னு கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு.”

“வாயைத் திறந்து காட்டிட்டே, நல்லது. சொத்தை எங்கேன்னு தெரிஞ்சா பிடுங்கறது சுலபம். நீ செய்யற வேலைதானே அது?”

குஷன்காரர் முதுகை அளக்க எழுந்தார். ஆணிக் கூட்டத்துக்கு நடுவில் அவர் உதடு கோணியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

அக்கா பஞ்சு மூட்டை மேல் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். “நான் சொல்றதைக் கேளு. இந்த ஊர்ல முதல்ல பஸ்ல ஏறின பொம்பளை கண்டக்டர் நான். விசில் ஊதினா சிரிப்பாங்க. என்னைப் பாத்துட்டு, வண்டி ஓடாது போலிருக்குன்னு இறங்கிப் போனவங்க உண்டு. ஒரு வருஷம் கழிச்சு இன்னொருத்தி வந்தா. குள்ளச்சி, மேல்கம்பி எட்டாது. அவ வந்ததுக்கு அப்புறம் ஒருத்தரும் வேடிக்கை பாக்கலை. காசை நீட்டினாங்க, டிக்கெட் வாங்கினாங்க. முதல்ல வர்றவளை அதிசயம்னு சொல்லி ஒரு ஓரமா வெச்சிடுவாங்க. ரெண்டாவது ஒருத்தி வந்தாத்தான் அது வழி. புரியுதா?”

“புரியுது.”

“முழுசாப் புரியலை. இன்னிக்கு என்னைத் துண்டுன்னு சொல்லிட்டு உன்னை முதல் ஆளுன்னு சொல்றாங்க. நீ இறங்கினப்புறம் இன்னொருத்தி வருவா. அவளையும் முதல் ஆளுன்னுதான் சொல்லுவாங்க. அப்போ நீ யாரு?”

டேப் அவள் தோளுக்கு மேல் ஏறி இறங்கியது. வெளியே மழை வலுத்து, சாக்கடை பொங்குகிற சத்தம் கேட்டது. கடைசியில் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

“யோசிக்கறேங்க. கட்சிக்குள்ள எனக்கும் ஆயிரம் முடிச்சு இருக்கு.”

“யோசி. ஆனா மாநாட்டு அன்னிக்கு இடது கைப்பிடி எனக்கு. வலது உனக்கு. அதுல யோசிக்க ஒண்ணும் இல்லை.”

அவள் போன பிறகு, “மூணு விரக்கடை உயரம் ஏத்திக் கட்டணும்,” என்றார் குஷன்காரர், நாற்காலியைப் பார்த்தபடி. “கால் நீளம் அந்தம்மாவுக்கு.”

மாநாட்டுக்கு முந்தின நாள் அக்கா தன் சாம்பல் நிறக் கோட்டை என்னிடம் கொண்டுவந்தாள். அதே வேளையில் வக்கீல் வீட்டு ஆளும் ஒரு மூட்டை கொடுத்துவிட்டுப் போனான்: வக்கீல் மகனுக்கு மூன்று சட்டை. ஒன்று ஊர்வலத்துக்கு, ஒன்று மேடைக்கு, ஒன்று விருந்துக்கு. மூன்று சட்டை என்றதுமே எனக்கு ஓடிப்போனவர் ஞாபகம் வந்தது. அக்காவின் கோட்டை முதலில் எடுத்தேன். கை மடிப்பை நாலு தடவை தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன்.

“வெட்டிடப் போவுது யாரையாச்சும்,” என்றாள் அக்கா, மடிப்பைத் தடவிப் பார்த்து.

“வெட்டட்டும் அக்கா.”

மாநாட்டு நாள் காலை மழை இல்லை. தெரு நிறைய ஆள். ஒலிபெருக்கியில் பாட்டு, படம் பிடிக்கிறவர்கள் சுவரில் ஏறி நின்றார்கள். நான் மீதிச் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குஷன்காரரும் மகனும் நாற்காலியை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். கருநீலத் துணி, விளிம்பில் பித்தளைக் கொண்டை ஆணி வரிசை, ஒரு ஆணிகூடக் கோடு தப்பவில்லை. அன்றைக்கு அக்கா இழுத்ததில் தேய்ந்த நாற்காலிக் காலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துச் சமன் செய்திருந்தார்.

வக்கீல் மகன் கூட்டத்துக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே இடது கைப்பிடிக்குக் கை நீட்டினான். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

“கொஞ்சம் நகருங்கம்மா. அது பழைய தலைவர் பிடிக்கிற பக்கம்.”

“தெரியும் தம்பி. போன தடவையும் நான்தான் பிடிச்சேன். அந்தப் பக்கம் உங்கப்பா இருந்தாரு.”

முன்னால் நின்ற சிலர் சிரித்தார்கள். கொஞ்சம் வயதானவர்கள் தலையை ஆட்டினார்கள். வக்கீல் மகனின் காது சிவந்தது.

“அது இடைக்காலம்மா. துண்டு போட்டு வெச்சேன்னு நீங்களே மேடையில சொன்னீங்க.”

அக்கா நிமிர்ந்தாள். பஸ்ஸில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் ஒன்று அவளிடம் உண்டு. அதை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

“சொன்னேன். சொன்னது தப்பு. இப்போ எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்கறேன், கேட்டுக்குங்க. துண்டு போட்டா அது இடம் ஆகாதுன்னு வேலை பாத்த காலமெல்லாம் ஆளுங்களோட மல்லுக்கட்டினவ நான். உக்காந்தவங்களுக்குத்தான் இடம். நான் இந்த நாற்காலியில உக்காந்தேன். ஸ்பிரிங் குத்தக் குத்த உக்காந்து, ஓடிப்போனவன் விட்டுட்டுப் போன கட்சியை நடத்தினேன். நான் துண்டு இல்லை. தலைவர்.”

யாரும் கை தட்டவில்லை. தட்டுகிற மாதிரியான பேச்சாக இல்லை அது. பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

வக்கீல் மகன் பல்லைக் கடித்தபடி திரும்பி, “உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போ,” என்றான் அக்காவின் மகனிடம்.

மகன் அசையவில்லை. பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினான்.

“அவங்க இங்க எங்கம்மாவா வரலை. முன்னாள் தலைவரா வந்திருக்காங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்லை. சாவி வேணும்னா இந்தாங்க.”

நீட்டிய சாவியை அத்தனை கூட்டத்தின் முன்னால் வாங்கவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் வக்கீல் மகன் நின்றான். குஷன்காரர் வாசற்படியில் நின்று மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயில் அன்றைக்கு ஆணி இல்லை, ஆனாலும் பேசவில்லை.

இனி, கூட்டத்துக்கு முன்னால் நின்ற டாக்டர்தான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் போஸ்டரைப் பார்த்தாள். தன் முகத்தையே பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு நாற்காலியின் வலது பக்கம் வந்து நின்றாள்.

“கனமா இருக்குமா?”

“இருக்கும்,” என்றாள் அக்கா. “முட்டியை மடக்கித் தூக்கு. முதுகால தூக்காதே.”

தூக்கினார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. அக்காவின் கோட்டுக் கை மடிப்பு வெயிலில் நேர்கோடாக நின்றது. அது என் வேலை. ஆனால் அவளுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டதே. என் கடை வாசலுக்கு வந்தபோது பிடி நழுவப் பார்த்தது. நாற்காலியை இறக்கி வைத்தார்கள். அக்காவுக்கு மூச்சு இரைத்தது. தூரத்தில் மண்டபத்து ஒலிபெருக்கி அலறியது: “இதோ, நம் கட்சியின் முதல் பெண் தலைவர் வந்துகொண்டிருக்கிறார்...”

டாக்டர், அக்காவின் மகனைக் கூப்பிட்டாள். சத்தமாகவே சொன்னாள். “முன்னாடி ஓடிப்போய் மைக்கைப் பிடிச்சுத் திருத்திச் சொல்லுங்க. ரெண்டாவது பெண் தலைவர். முதல் தலைவரும் கூட வர்றாங்கன்னு சொல்லுங்க.”

அவன் ஓடினான். சாவிக்கொத்து கையில் குலுங்க, பசை வாளி தூக்கிய காலத்து ஓட்டம். கருகுகிற வாடை வந்து நான் திரும்பினேன். பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்திருக்கிறேன். மேசையில் இருந்தது வக்கீல் மகனின் விருந்துச் சட்டை. பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன். அவசரப்படவில்லை.

“கொஞ்சம் உக்காருங்களேன்,” என்று டாக்டர் நாற்காலியைக் காட்டினாள். “மூச்சு வாங்குது உங்களுக்கு.”

அக்கா அந்தக் கருநீல மெத்தையைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

“வேண்டாம். நான் உக்காந்து எழுந்தாச்சு. இனிமே உன் முறை.”

நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, இடது கைப்பிடியை மறுபடியும் பிடித்தாள். கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அவள் அவர்களைப் பார்த்து, பஸ்ஸில் நிற்கிறவர்களைச் சொல்கிற மாதிரியே, “உள்ள தள்ளி நில்லுங்க, வழியில நிக்காதீங்க,” என்றாள். எல்லோரும் தள்ளி நின்றார்கள்.

“போலாம், ரைட்,” என்றாள். நாற்காலி கிளம்பியது.